வாசகர் கேள்வி பதில்: தோற்றால் மட்டும் போதுமா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "இன்றைய விளையாட்டு நட்சத்திரங்களில் உண்மையான துன்பியல் நாயகன் யார்? எழுதி அனுப்புங்கள்." அதற்கு இவ்வளவு கடிதமும் வாட்ஸ்அப் குரல் பதிவும் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, சமையல், சாமி கேள்விகளுக்கு விடுமுறை. கோபமாக வந்த கேள்விகளையே முதலில் எடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆறாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். துன்பியல் நாயகன் பற்றிச் சொந்த உதாரணத்தோடு கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் பேட்மின்டன் வீரர் டத்தோ லீ சோங் வெய் பற்றி எழுதியிருந்தான். "மூன்று ஒலிம்பிக் வெள்ளி, ஒரு தங்கம்கூட இல்லை, இதைவிட என்ன துன்பியல் வேண்டும்?" என்பது அவன் வாதம். பாதிப் புள்ளிதான் போட்டேன். இப்போது வகுப்பே எனக்கு எதிராக நிற்கிறது. நான் செய்தது சரிதானா?
— ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: டீச்சர், சோங் வெய் வளர்ந்த ஊரிலேயே இருந்துகொண்டு அவருக்குப் பாதிப் புள்ளி போட்டிருக்கிறீர்களே, அந்தத் துணிச்சலுக்கு முதலில் ஒரு வணக்கம். நீங்கள் போட்டது சரி. ஆனால் பையனிடம் காரணத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவன் வாழ்நாள் முழுக்க உங்களை மன்னிக்க மாட்டான்.

அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் இதைக் கிட்டத்தட்ட கழித்துக் கழித்துத்தான் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு தப்பும் செய்யாத உத்தமன் அடிபட்டு விழுந்தால் நமக்கு வருவது அதிர்ச்சி, அதனால் அது துன்பியல் ஆகாது. கெட்டவன் விழுந்தால் 'நல்லா வேணும்' என்று மனசு சொல்லும், அதுவும் ஆகாது. மிச்சம் இருப்பவன் இரண்டுக்கும் நடுவில் நிற்பவன், பேரும் புகழும் உள்ளவன், மகானும் இல்லை பாவியும் இல்லை, கெட்ட எண்ணத்தால் அல்லாமல் ஒரு பிழையால் விழுகிறவன். தான் செய்தது இன்னது என்று அவனுக்கே ஒரு கட்டத்தில் விளங்கிவிட்டால் நாடகம் இன்னும் கூர்மையாகிறது. பார்க்கிற நமக்கு அவன் மேல் இரக்கமும், 'நாளைக்கு இது எனக்கும் நடக்கலாமே' என்கிற பயமும் சேர்ந்து வர வேண்டும். ஆணவம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பல நோட்ஸ் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவர் அப்படியெல்லாம் நிபந்தனை போடவில்லை. தெரியாமல் செய்த பிழையும் கணக்கில் சேரும்.

கிரேக்க நாடகம் மாணவர்களுக்கு அந்நியமாகத் தெரிந்தால் சிலப்பதிகாரத்துப் பாண்டியனைக் காட்டுங்கள். தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன அரசன். கண்ணகி தன் சிலம்பை உடைத்து, அவன் எதிர்பார்த்த முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறித்ததுமே, வேறு யாரும் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்காமல், நானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டுவிட்டான். பிழையும் சரிவும் தெளிவும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

இப்போது சோங் வெய்க்கு வருவோம். 2008 பெய்ஜிங் இறுதியாட்டத்தில் சீனாவின் லின் டானிடம் 12-21, 8-21. அதில் என்ன துன்பியல்? எதிராளி அன்றைக்குப் பல மடங்கு நன்றாக ஆடினார், கதை முடிந்தது. 2012 லண்டன் வேறு மாதிரி. சில மாதங்களுக்கு முன்னால் தாமஸ் கிண்ணத்தில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு, அங்கே போய்ச் சேருவாரா என்றே சந்தேகம் இருந்த ஆள், முதல் செட்டை 21-15 என்று எடுத்தார், அடுத்ததை 10-21 என்று விட்டார், கடைசி செட்டில் 19-21. அன்றைக்கு ராத்திரி மாமாக் கடைகளில் தே தாரிக் ஆறிக் கிடக்க, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே மாதிரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற காட்சி இல்லை. 2016 ரியோவில் நடந்ததை யாராவது சிறுகதையாக எழுதி அனுப்பியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அரையிறுதியில் அதே லின் டானை 15-21, 21-11, 22-20 என்று ஒருவழியாக வென்று, அடுத்து இறுதியில் சென் லோங்கிடம் 18-21, 18-21.

வலி உண்மை. ஆனால் இவர் விழவில்லை, எட்டவில்லை. எட்டாமல் போவதும் விழுவதும் ஒன்றில்லை. தொடர்ந்து 199 வாரம் உலகின் முதல் நிலையில் இருந்தவர், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அதே உயரத்தில்தான் இருந்தார். எந்த இறுதியாட்டத்திலும் தன் கையாலேயே தன்னைக் கவிழ்த்துக்கொள்ளவும் இல்லை.

பையன் தவறவிட்ட இடம் 2014. கோப்பன்ஹேகன் உலகப் போட்டிக்குப் பிறகு அவர் மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது தெரியவந்தது. அது வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு வகை மருந்து, போட்டி நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாது. அவர் சாப்பிட்டுவந்த கோர்டிசெப்ஸ் என்கிற சத்து கேப்சூல் வழியாக அது உள்ளே போயிருக்கிறது என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு என்று எட்டு மாதத் தடை, உலகப் போட்டி வெள்ளியும் பறிபோனது. கவனியுங்கள்: உச்சத்தில் இருக்கும் மனிதர், கெட்ட எண்ணம் இல்லை, தெரியாமல் ஒரு பிழை, அதுவும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற நல்ல பழக்கத்திலிருந்தே வந்த பிழை. அரிஸ்டாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். உங்கள் மாணவன் இதை எழுதியிருந்தால் முக்கால் புள்ளி. முழுசும் தரக் கூடாது, ஏனென்றால் நம்ம ஆள் தடை முடிந்த அதே 2015-இல் மறுபடி உலக இறுதியாட்டத்துக்குப் போய்விட்டார். திரை விழுந்த பிறகு எழுந்து வந்து அடுத்த வருஷமே லின் டானைச் சாய்க்கிறவரை எந்த நாடகத்தில் சேர்ப்பது?

கேள்வி: தம்பி, உங்களுக்கெல்லாம் சோங் வெய்க்கு முன்னால் உலகமே இல்லை. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை மறந்துவிட்டீர்களா? 1980-இல் நாங்கள் மெர்டேக்கா அரங்கத்தில் தொண்டை கிழியக் கத்தினோம். ஒலிம்பிக் போகாமலே போய்விட்டார்கள். அதுதான் துன்பியல்.
— ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், செந்தூல்

பதில்: மறக்கவில்லை ஐயா. மறந்தால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது.

தெரியாத இளசுகளுக்குச் சுருக்கமாக: ஆர். ஆறுமுகம், மலேசியக் காற்பந்தின் கோல்காவலர், கை நீளத்துக்காகவே 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1974 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றோம். ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன், ஜேம்ஸ் வோங் என்று பெயர்களைச் சொல்லும்போதே அது எப்படிப்பட்ட நாடாக இருந்தது என்று தெரியும். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, நம் அரசும் சேர்ந்துகொண்டது. காற்பந்தில் அந்த வாய்ப்பு நமக்கு இன்றுவரை திரும்பி வரவில்லை. 1988-இல் ஆறுமுகம் கார் விபத்தில் போய்விட்டார். அந்தக் காலத்து இன்னொரு பெரிய ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி 1991-இல், 37 வயதில், நரம்பு நோயில் போனார்.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இதையெல்லாம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, ஆனால் ஆறுமுகம் என்ன பிழை செய்தார்? பந்தைப் பிடித்தார். பிடித்ததற்குப் பரிசாகக் கிடைத்தது வீட்டிலேயே உட்கார். இது விதி, அரசியல், விபத்து. இவரைத் துன்பியல் நாயகன் என்று சொன்னால், போகக் கூடாது என்று முடிவு எடுத்தவர்கள் கதையிலிருந்து நைசாக நழுவிவிடுகிறார்கள். அவர்களை நழுவவிட எனக்கு மனசில்லை.

கேள்வி: அண்ணா, அப்படியென்றால் தப்பு செய்தவன்தான் நாயகனா? பென் ஜான்சன், லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் எல்லாருக்கும் மாலை போடலாமா?
— கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்

பதில்: கொஞ்சம் பொறு தம்பி. தப்பு வேறு, திருட்டு வேறு.

பென் ஜான்சன் 1988 சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார், ஊக்க மருந்து சிக்கியது, மூன்றே நாளில் பதக்கம் போனது. கனடா ஒரே வாரத்தில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடி, கீழேயும் போட்டுவிட்டது. அவர் மேல் எனக்கு லேசான இரக்கம் உண்டு, ஆனால் அது அவருடைய பிழையால் வந்தது இல்லை, அந்தக் கூட்டத்தின் வேகத்தைப் பார்த்து வந்தது.

ஆர்ம்ஸ்ட்ராங் விஷயத்தில் அதுவும் இல்லை. புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றதாகக் காட்டியவர், 2012-இல் அத்தனையும் பறிபோனது. மருந்து போட்டதை விடுங்கள், உண்மையைச் சொன்னவர்களைப் பொய்யர் என்று பழித்தார், பத்திரிகை மேல் வழக்குப் போட்டுப் பணம் வாங்கினார். 2013-இல் தொலைக்காட்சியில் ஓப்ரா வின்ஃப்ரே முன்னால் உட்கார்ந்து ஒப்புக்கொண்டபோது பாண்டியனா ஞாபகம் வந்தான்? எனக்கு வக்கீல்தான் ஞாபகம் வந்தார். அந்தக் காலத்து நாயகன் சபை நடுவில் தன் பிழையைக் கண்டு அங்கேயே சரிந்தான். இந்தக் காலத்தில் அதற்கு நேரம் குறித்து, விளக்கு வைத்து, இடையில் விளம்பரமும் போடுகிறார்கள். வருகிற கண்ணீர் பிழையைக் கண்டதால் வருகிறதா, பிடிபட்டதால் வருகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் ஒருவரை நான் பட்டியலில் வைப்பேன், அதற்குத் திட்டு வாங்கவும் தயார்: ஹான்சி குரோன்யே. நிறவெறிக் காலம் முடிந்த தென்னாப்பிரிக்காவின் கிரிக்கெட் தலைவர், பக்திமான், நாணயஸ்தர் என்று ஊரே நம்பிய ஆள். 2000 ஜனவரியில் செஞ்சூரியனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட், மழையில் நாள் நாளாகப் போய்விட்டது. ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆட்டத்தை உயிர்ப்பிக்கலாம் என்று குரோன்யே யோசனை சொன்னார். இங்கிலாந்து ஜெயித்தது, என்ன பெருந்தன்மை என்று பலர் மெச்சினார்கள். பிறகு பார்த்தால், அதற்காகச் சூதாட்டத் தரகர் ஒருவரிடம் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கியிருக்கிறார். தோல் ஜாக்கெட்! ஒரு நாடே தலைமேல் வைத்திருந்த மனிதர், கடையில் போய்த் தானே வாங்கியிருக்கலாம்.

ஏப்ரலில் டெல்லி போலீஸ் தொலைபேசி உரையாடலை வெளியே விட்டபோது முதலில் மறுத்தார். சில நாளில், விடியற்காலையில் கிரிக்கெட் வாரிய நிர்வாக இயக்குநர் அலி பாக்கரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தான் முழு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று சொன்னார். யாரும் கேட்காத நேரத்தில் வந்த அந்த அழைப்புக்காகத்தான் அவரைச் சேர்க்கிறேன். பணத்தாசை பிழையா, குற்றமா என்று கேட்டால் குற்றம்தான், அரிஸ்டாட்டில் முகம் சுளிப்பார், அதில் சந்தேகமே இல்லை. அதைவிட மோசம், கிப்ஸ், வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆட்டக்காரர்களையும் இதற்குள் இழுத்துவிட்டார், அவர்களுக்கு ஆளுக்கு ஆறு மாதத் தடை. இவருக்கு ஆயுள் தடை. 2002-இல் விமான விபத்தில் இறந்தார், 32 வயது. பலரும் அந்த விபத்தைத்தான் அவர் துன்பியலின் கடைசிக் காட்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாடகம் அந்த விடியற்காலை அழைப்பிலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: ஸிடான் ஒருத்தனை முட்டினார், வெளியே போனார். ரவுடித்தனம். அதற்கு ஏன் இவ்வளவு இலக்கியம்?
— காற்பந்து ரசிகர், சுபாங் ஜெயா

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2006 ஜூலை, பெர்லின், காற்பந்து உலகக் கிண்ண இறுதியாட்டம், ஸிடானின் பிரான்சும் இத்தாலியும். நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை இரண்டு மணி. ஸிடானுக்கு அதுதான் கடைசி ஆட்டம், முன்பே அறிவித்துவிட்டார். ஏழாவது நிமிஷத்தில் பெனால்டி. உலகக் கிண்ண இறுதியில், இத்தாலியின் கோல்காவலர் புஃபோன் நிற்கிற வலைக்கு முன்னால், எந்தப் புத்தியுள்ள மனிதனும் ஓங்கி உதைப்பான். இவர் பந்தை மெதுவாகத் தூக்கிவிட்டார், அது மேல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து வெளியே வந்தது. அந்த ஒரு உதையிலேயே முழு ஆளும் இருக்கிறார். 'மற்றவனுக்கான விதி எனக்கு இல்லை' என்கிற நெஞ்சழுத்தம். கூடுதல் நேரத்தில் தலையால் முட்டிய பந்தை புஃபோன் கைவிரலால் மேலே தட்டிவிட்டார். அது உள்ளே போயிருந்தால் கதையே வேறு. கொஞ்ச நேரம் கழித்து, 110-ஆவது நிமிஷம், இத்தாலி ஆட்டக்காரர் மெட்டராஸி ஏதோ சொல்ல, நாலு அடி முன்னால் நடந்து போனவர் திரும்பி வந்து அதே தலையால் அவர் மார்பில் முட்டினார். சிவப்பு அட்டை. மேடையில் கிண்ணம் பளபளவென்று இருக்கிறது, அதை ஒட்டி, அதன் பக்கமே பார்க்காமல் படியிறங்கிப் போகிறார். பெனால்டியில் இத்தாலி 5-3. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது மட்டும் அவருக்கே கிடைத்தது.

ரவுடித்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது திடீரென்று வந்த ரவுடித்தனம் இல்லை. வாழ்க்கை முழுக்க 14 சிவப்பு அட்டை. 1998 உலகக் கிண்ணத்தில் சவூதி ஆட்டக்காரரை மிதித்துவிட்டு வெளியேறினார், தடை முடிந்து வந்து அதே கிண்ணத்தின் இறுதியில் தலையால் இரண்டு கோல் போட்டார். அவரை மேலே தூக்கியதும் கீழே தள்ளியதும் ஒரே குணம். தமிழன் துன்பியல் பேச ஆரம்பித்தால் கர்ணனை இழுக்காமல் முடிக்க மாட்டான், நானும் இழுக்கிறேன்: கொடுக்கிற குணம்தான் கர்ணனுக்குப் பேர் வாங்கித் தந்தது, அதே கொடுக்கிற குணம்தான் கவசத்தையும் கழற்றிக் கொடுக்க வைத்தது. குணத்தில் பாதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்ச ஆளை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கோபம் இல்லாத ஸிடான், அந்தப் பெனால்டியை அப்படி அடித்திருக்கவே மாட்டார் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

ஒரே ஒரு குறை. பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார், ஆனால் செய்ததற்கு வருந்தவில்லை என்றும் தொலைக்காட்சியிலேயே சொல்லிவிட்டார். அதாவது, விழுந்தார், ஆனால் பிழையைப் பிழையாகப் பார்க்க மறுத்துவிட்டார். அப்புறம் ரியல் மாட்ரிட்டுக்குப் பயிற்சியாளராகி, தொடர்ந்து மூன்று முறை சாம்பியன்ஸ் லீக் வென்றார். இதுதான் இந்தக் காலத்து நட்சத்திரங்களிடம் உள்ள தொல்லை. நாடகத்தில் நாயகன் விழுந்ததும் திரை போட்டுவிடலாம். இவர்களுக்கு 34 வயதில் எல்லாம் முடிந்துவிடுகிறது, இன்னும் நாற்பது வருஷம் வாழ வேண்டியிருக்கிறது, விளம்பரம் வருகிறது, பேரப்பிள்ளைகள் வருவார்கள்.

கேள்வி: ஆண்கள் பட்டியலாகவே போகிறதே? நிக்கோல் டேவிட், வினேஷ் போகாட், சாந்தி இவர்களெல்லாம் கண்ணில் படவில்லையா?
— இல்லத்தரசி, காஜாங்

பதில்: படாமல் என்ன அக்கா. மூன்று பேரும் மூன்று கதை.

நிக்கோல் டேவிட் நம்ம பினாங்குப் பெண், எட்டு முறை உலக வெற்றியாளர், ஒன்பது வருஷம் முதல் நிலை. ஸ்குவாஷ் 2028-இல்தான் ஒலிம்பிக்குள் நுழைகிறது, அவர் 2019-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஒலிம்பிக் குழுவின் மேல் கோபப்படலாம். நிக்கோலைப் பார்த்து உச்சுக் கொட்டுவது அவருக்கு அவமரியாதை.

வினேஷ் விஷயத்தில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. 2024 பாரிஸ், 50 கிலோ மல்யுத்தம், ஜப்பானின் யுய் சுசாக்கியை முதல் சுற்றிலேயே சாய்த்து, அன்றைக்கே இறுதிக்கும் போய்விட்டார். அடுத்த நாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதல். ராத்திரி முழுக்க வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து, முடியைக்கூட வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். தகுதி நீக்கம், வெள்ளியும் கிடையாது. வழக்கமாக 53 கிலோவில் ஆடியவர் 50-க்கு இறங்கிய முடிவு அவருடைய பிழையா, வேறு வழியில்லாமல் போனதா? பிழை என்றால் துன்பியல், வழியில்லாமல் என்றால் அநியாயம். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது, ஆனால் எதிர்த்து எழுதினால் அடுத்த இதழில் போடுகிறேன்.

சாந்தி சௌந்திரராஜன் விஷயத்தில் தயக்கமே இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி, பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள், செய்தியை ஊர் உலகத்துக்கு ஒலிபரப்பினார்கள். அவர் ஓடினார், அவ்வளவுதான் செய்தார். பிழை செய்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், அவர்களில் யாரும் விழவில்லை. தயவுசெய்து அந்தப் பெண்ணை நாயகி ஆக்கி அழகு பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஆஸ்கர் பிஸ்டோரியஸ்?
— வாசகர், கிள்ளான்

பதில்: முடியாது. 2013-இல் அந்த ஓட்டக்காரர் சுட்டுச் செத்தது ரீவா ஸ்டீன்காம்ப் என்ற பெண். சுட்டவனின் சரிவைப் பற்றி உருகி உருகி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

கேள்வி: 1994-95 காற்பந்து லஞ்ச ஊழலில் பிடிபட்ட நம் ஆட்டக்காரர்கள்? பாவம், சம்பளம் குறைவு, குடும்பச் சுமை.
— கடைக்காரர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அண்ணே, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள், பலருக்குத் தடை, சிலரைச் சொந்த ஊரிலிருந்தே அப்புறப்படுத்தி வேறு இடத்தில் இருக்க வைத்தார்கள். ஒவ்வொருவர் காரணமும் ஒவ்வொரு மாதிரி இருந்திருக்கும், அதனால் மொத்தமாக ஒரு பெயர் சூட்ட எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது நாம்தான். அதற்கு முன்னால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக் கத்தியவர்கள், அதற்குப் பிறகு அரங்கத்துப் பக்கமே போகவில்லை, ஆங்கிலேயக் குழுக்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமாக் கடைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். கிரேக்க நாடகத்தில் ஒரு கூட்டம் ஓரமாக நின்று பாடிக்கொண்டே இருக்கும், நாயகன் விழும்போதும் மேடையை விட்டுப் போகாது. நமக்கு அந்தப் பொறுமை இல்லை. விழுகிறவரைக்கும் இருக்கிறோம், விழுந்ததைப் படம் பிடித்துப் போடுகிறோம், போய்விடுகிறோம்.

கேள்வி: அங்கிள், எனக்கு அஸிசுல் ரொம்பப் பிடிக்கும். பாரிஸில் அவர் செய்தது பிழைதானே? அவரும் துன்பியல் நாயகனா? வகுப்பில் பேச வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.
— மூன்றாம் படிவ மாணவர், பட்டர்வொர்த்

பதில்: பிழைதான் தம்பி. கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிற மோட்டார் சைக்கிள் தடத்தை விட்டு விலகுகிறவரை யாரும் அதை முந்தக் கூடாது. 2024-இல் முதல் சுற்றிலேயே அஸிசுல்ஹஸ்னி அவாங் முந்திவிட்டார், தகுதி நீக்கம் ஆனார். ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி, அடுத்தது தங்கம்தான் என்று நாடே எதிர்பார்த்த நேரத்தில் இப்படி. 2011-இல் மான்செஸ்டரில் கெண்டைக்காலில் நீளமான மரச்சிம்பு குத்தி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்த நிலையிலும் எழுந்து கோட்டைக் கடந்து மூன்றாவதாக வந்தவர், அவருக்கு வேகம் கட்டுக்குள் நிற்காது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். 'குணமும் பிழையும் ஒன்று' என்கிற என் கணக்கில் ஸிடானுக்கு அடுத்து இவரைத்தான் நிறுத்துவேன். பேசும்போது மரச்சிம்பில் ஆரம்பி, வகுப்பு அமைதியாகிவிடும்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள், மெஸ்ஸியா ரொனால்டோவா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், என் மைத்துனரும் நானும் அதில் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம்.